பழைய ரெமிங்டன் 700 வாங்குமுன்: விசைப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் பழுது

அமெரிக்காவில் பழைய வேட்டைத் துப்பாக்கி தேடிப் போகிறவர் கண்ணில் ரெமிங்டன் 700 படாமல் போகாது. 1962-இல் சந்தைக்கு வந்த இந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற உருளையைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை) ஐம்பது லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. தரைப்படையின் எம்24 ஸ்னைப்பர் ரைஃபிளும் மரைன் படையின் எம்40-உம் தோட்டாவை ஏற்றிச் சுடும் இயக்கப் பகுதியான இதே ஆக்‌ஷனை வைத்துக் கட்டப்பட்டவைதான். குறி தவறாது, உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், விலையும் கைக்கு எட்டும். வாங்க வருகிறவர் குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறார், அடிக்கட்டையில் கீறல் இருக்கிறதா என்று தடவுகிறார், போல்ட்டை நாலு தடவை இழுத்துத் தள்ளுகிறார், பணத்தைக் கொடுத்துவிடுகிறார். உயிரை எடுக்கக்கூடிய பழுது இந்தச் சோதனை எதிலும் தட்டுப்படாது. விரல் படும் விசைக்கு மேலே, கட்டைக்குள் புதைந்திருக்கும் தகரப் பெட்டியில் அது இருக்கிறது.

2000 அக்டோபர், மொன்டானா மாநிலம். வேட்டை முடிந்து திரும்பிய ஒரு குடும்பம். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை வெளியே எடுப்பதற்காகத் தாய், சுடாமல் தடுக்கும் சேஃப்டி நெம்புகோலைத் தள்ளி விடுவித்தார். விசையில் விரல் வைக்கவில்லை என்றார். துப்பாக்கி வெடித்தது. குண்டு குதிரைகளை ஏற்றும் டிரெய்லரைத் துளைத்துப் போய், அதற்கு அப்பால் நின்ற ஒன்பது வயது மகனைக் கொன்றது. அந்தத் துப்பாக்கி ரெமிங்டன் 700. தோட்டாவை எடுக்க எதற்காக சேஃப்டியை விடுவிக்க வேண்டும் என்ற கேள்வி எழும். 1982-க்கு முன் செய்தவற்றில் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். அதாவது, தோட்டா அமரும் சேம்பரைக் காலி செய்ய வேண்டுமென்றால், உள்ளே தோட்டா இருக்கும்போதே துப்பாக்கியைச் சுடும் நிலைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். 1982-இல் இந்த போல்ட் பூட்டை நிறுவனம் கைவிட்டது. பழைய துப்பாக்கிகளிலிருந்து அதை நீக்கித் தரும் திட்டம் 2002-இல்தான் வந்தது. அந்தத் திட்டமும் போல்ட் பூட்டை மட்டுமே நீக்கியது. விசைப் பெட்டியை அது தொடவில்லை.

பழுது எங்கே, ஏன்

நாற்பதுகளில் ரெமிங்டன் பொறியாளர் மைக் வாக்கர் வடிவமைத்த விசை இது. 1948-இல் வந்த 721, 722 மாடல்களில் முதலில் இடம்பெற்றது. 1950-இல் காப்புரிமை கிடைத்தது. வேட்டைக்காரர்கள் இதைக் கொண்டாடியதற்குக் காரணம் உண்டு. அழுத்தும்போது இழுபடாமல், கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் சட்டென்று விடுபடும். அந்தச் சுத்தமான விடுபாட்டைத் தருவது கனெக்டர் என்ற மெல்லிய எஃகுத் தகடு. சிக்கலும் அதே தகட்டில்தான்.

செயல்படும் விதம் இது. தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னை ஸ்பிரிங் முன்னால் தள்ளப் பார்க்கும். அதை சியர் என்ற சிறு நெம்புகோல் பிடித்து நிறுத்தியிருக்கும். சியர் கீழே விழாமல் தாங்குவது கனெக்டரின் மேல் விளிம்பு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் அகலம் சுமார் 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். விசையை அழுத்தினால் கனெக்டர் முன்னே நகரும், சியர் விழும், துப்பாக்கி வெடிக்கும்.

சாதாரண விசையில் சியரைத் தாங்கும் விளிம்பு விசையிலேயே செதுக்கப்பட்டிருக்கும். இங்கே கனெக்டர் விசையோடு ஒட்டப்படவும் இல்லை, திருகப்படவும் இல்லை. ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அதை விசையோடு சேர்த்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் விழுகிற சியர் கனெக்டரை முன்னால் உதைக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி திறந்து மூடும். அந்த நேரத்தில் இடைவெளிக்குள் துரு, தூசி, வெடிமருந்துக் கரி, உறைந்த எண்ணெய், தயாரிப்பின்போது தங்கிய உலோகப் பிசிறு என எது புகுந்தாலும் கனெக்டர் தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. தாங்கும் அகலமே அரை மில்லிமீட்டர். அதில் பாதியைத் தின்ன ஒரு மணல் துகள் போதும்.

சேஃப்டி இதைக் காப்பாற்றாதா? காப்பாற்றாது. இதன் சேஃப்டி சியரை மேலே தூக்கிப் பிடிக்கிறது, விசையைத் தடுப்பதில்லை. சேஃப்டி போட்டிருக்கும்போது கனெக்டர் சுமையில்லாமல் அசையக்கூடிய நிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் யாரோ விசையைத் தொட்டு, கனெக்டர் முன்னாலேயே சிக்கிக்கொண்டால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு சேஃப்டியை விடுவிக்கும்போது இறங்கி வரும் சியருக்குக் கீழே தாங்க எதுவும் இருக்காது. விரல் படாமலே துப்பாக்கி சுடும். இந்த ஆபத்து வடிவமைத்தவருக்கே தெரிந்திருந்தது. விசையையும் சேர்த்துத் தடுக்கும் மாற்றத்தை வாக்கர் 1948-இலேயே முன்வைத்தார். ஒரு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடும் என்று கணக்கிடப்பட்ட அந்த மாற்றம் உற்பத்திக்குப் போகவில்லை. பின்னாளில் வழக்குகளில் வெளிவந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் இதைக் காட்டுகின்றன.

இப்படி வெடிக்கும் முறைகளுக்கு நிறுவனத்துக்குள்ளேயே சுருக்கப் பெயர்கள் இருந்தன. சேஃப்டியை விடுவிக்கும்போது வெடித்தால் எஃப்எஸ்ஆர், போல்ட்டைத் திறக்கும்போது எஃப்பிஓ, மூடும்போது எஃப்பிசி, இடிபட்டதில் வெடித்தால் ஜார் ஆஃப். வாடிக்கையாளர் புகார்களை இந்தத் தலைப்புகளில் பிரித்து வைத்தார்கள். ஒரு பழுதுக்குச் சுருக்கப் பெயர் வைக்கும் அளவுக்குப் புகார் வந்திருக்கிறது என்பதை வாங்குகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1979-இன் உள் ஆவணம் ஒன்று இன்னும் கூர்மையானது. இந்தப் பழுதுக்கு ஆளாகக்கூடிய 20,000 துப்பாக்கிகளைக் கண்டுபிடிக்க 20 லட்சம் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். திரும்பப் பெறவில்லை. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டாலும் நூற்றில் ஒன்று. அந்த ஒன்று எது என்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

நிறுவனத்தின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். விசையில் குறை இல்லை, உரிமையாளர்கள் அதைத் திருகிக் கெடுத்தார்கள் அல்லது துப்புரவு செய்யாமல் விட்டார்கள், அல்லது தெரியாமல் விரலை வைத்தார்கள் என்பதே அவர்கள் கடைசிவரை சொன்ன பதில். சில விபத்துகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பழைய துப்பாக்கி வாங்குகிறவருக்கு இந்தப் பதிலால் ஆறுதல் இல்லை. முந்தைய உரிமையாளர் திருகினாரா, எண்ணெய் ஊற்றினாரா, ஈரக் கொட்டகையில் பத்து வருடம் போட்டு வைத்தாரா என்பது எந்த ரசீதிலும் எழுதியிருக்காது.

எச்சரிக்கை ஏன் வந்து சேர்வதில்லை

பொம்மையிலோ ரொட்டி டோஸ்டரிலோ இப்படிப் பழுது இருந்தால் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டுத் திரும்பப் பெற வைக்கும். துப்பாக்கி அதன் அதிகாரத்துக்கு வெளியே நிற்கிறது. 1972-இல் ஆணையத்தை உருவாக்கிய சட்டமே துப்பாக்கிக்கு விலக்கு அளித்துவிட்டது. ஆகவே திரும்பப் பெறுவது முழுக்க நிறுவனத்தின் விருப்பம். 600 மாடலை 1978-இல் ரெமிங்டன் திரும்பப் பெற்றது. 700-ஐ அப்படிச் செய்யவில்லை. 1994-இல் டெக்சாஸ் ஜூரி ஒன்று காயமடைந்தவருக்கு ஒரு கோடியே 70 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகும் வாக்கர் விசை உற்பத்தியில் நீடித்தது.

2006-இல் தொடங்கி எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற புதிய விசை வந்தது. கனெக்டர் இல்லாத ஒற்றைத் துண்டு. நல்ல மாற்றம். ஆனால் 2014 ஏப்ரலில் அதையும் திரும்பப் பெற வேண்டி வந்தது. கோர்க்கும்போது ஒட்டுப் பசை அளவுக்கு மீறிப் பூசப்பட்டதால் விசை தானாக விடுபடக்கூடும் என்று நிறுவனமே அறிவித்தது. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை அந்த விசையோடு செய்யப்பட்ட 700, மாடல் செவன் இரண்டும் இதில் அடங்கும். புதிய விசை என்றால் பயமில்லை என்று சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

வாக்கர் விசைக்கு மிசூரி கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூட்டு வழக்கு நடந்து சமரசம் ஆனது. சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள் அதற்குள் வந்தன. பெரும்பாலான மாடல்களுக்கு விசையை இலவசமாக மாற்றித் தருவதாக ஏற்பாடு. மிகப் பழைய சிலவற்றுக்குச் சிறு தொகைக்கான வவுச்சர் மட்டும். 2017-இல் நீதிபதி ஒப்புதல் தந்த கட்டத்தில் வந்திருந்த கோரிக்கைகள் 22,000 அளவுதான். கோரிக்கைக்கான கடைசி நாள் 2020 ஏப்ரல் 23. அதே ஆண்டு நிறுவனம் இரண்டாவது தடவை திவாலாகி, அதன் உடைமைகள் பல கைகளுக்குப் பிரிந்து போயின. ஆக, இன்று கைமாறும் வாக்கர் விசைத் துப்பாக்கிக்கு அந்த இலவச வழி மூடிவிட்டது. முதல் உரிமையாளருக்கு வந்த அறிவிப்புக் கடிதம் துப்பாக்கியோடு சேர்ந்து கைமாறுவதில்லை.

கடையிலேயே அடையாளம் காண்பது

முதலில் சேம்பரையும் மேகசினையும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டு, காலி என்று உறுதி செய்யுங்கள். அந்த அறையில் தோட்டாவே இருக்கக்கூடாது.

விசையின் முகத்தைப் பாருங்கள். விரல் படும் பரப்பில் நெடுக்குக் கோடுகள் இருந்தால் வாக்கர். மழமழவென்று இருந்தால் எக்ஸ்-மார்க் ப்ரோ. மழமழப்பாக இருந்தால் விசைக்கு முன்னால் உள்ள போல்ட் ரிலீஸ் என்ற சிறு நாக்கைப் பாருங்கள். 2014-க்குப் பிறகு சரிசெய்யப்பட்டவற்றில் அதில் ஒரு சிறு குத்துப்புள்ளி இருக்கும். புள்ளி இல்லையென்றால் சரிசெய்யப்படாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பு மாதத்தைக் குழலின் இடப்பக்கம், குழல் பொருந்தும் ரிசீவரை ஒட்டிப் பொறித்த எழுத்துகள் சொல்லும். முதல் எழுத்து மாதம்: ஜனவரிக்கு பி (ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து), பிப்ரவரிக்கு எல், மார்ச்சுக்கு ஏ, பிறகு வரிசையாக சி, கே, பி (இது ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்து), ஓ, டபிள்யூ, டி, ஈ, ஆர், எக்ஸ். அடுத்து வருவது ஆண்டுக் குறி; ஒரே எழுத்து வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆண்டைக் குறிக்கும், அதனால் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். குழல் மாற்றப்பட்டிருந்தால் இந்தக் குறி பொய் சொல்லும். தேதியையும் விசையின் முகத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் முகத்தை நம்புங்கள்.

1982-க்கு முந்தியதா என்று அறிய எளிய வழி உண்டு. சேஃப்டியைப் போட்டுவிட்டு போல்ட்டைத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் போல்ட் பூட்டு இன்னும் இருக்கிறது.

செயல் சோதனை

போல்ட்டை இழுத்து மூடி, ஃபயரிங் பின்னை ஏற்றுங்கள். சேஃப்டி போடுங்கள். விசையை நன்றாக அழுத்தி விடுங்கள். விரலை முழுதாக எடுத்துவிட்டு சேஃப்டியை விடுவியுங்கள். க்ளிக் சத்தம் வந்தால் அந்தத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பலாம். வரவில்லை என்றால் இதையே இருபது தடவையாவது செய்யுங்கள். அடுத்து, சேஃப்டி நெம்புகோலைப் பாதி வழியில் நிறுத்துங்கள். முழுக்க முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விசையை அழுத்தி விட்டு, பிறகு முன்னே தள்ளுங்கள். நல்ல சேஃப்டி பாதியில் நிற்கவே மறுக்கும். நின்றது, தள்ளியதும் க்ளிக் என்றது என்றால் பழுது நிச்சயம்.

பிறகு சேஃப்டி இல்லாத நிலையில் போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள், பத்துப் பதினைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஃபயரிங் பின் ஏறியே நிற்க வேண்டும். ஏறிய நிலையில் போல்ட் கைப்பிடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், ஃபயரிங் பின் விழக்கூடாது. கடைசியாக, ரப்பர் சுத்தியலால் கட்டையின் அடியிலும் பக்கவாட்டிலும் மிதமாகத் தட்டுங்கள், சேஃப்டி போட்டும் போடாமலும். எதற்கும் விழக்கூடாது.

இந்தச் சோதனைகளின் எல்லையை அழுத்திச் சொல்ல வேண்டும். தோற்றால் துப்பாக்கி கெட்டது என்று நிரூபணம் ஆகிவிடும். தேறினால் எதுவும் நிரூபணம் ஆகாது. துகள் வந்து போகும் பழுது இது. இன்று கடையில் நூறு தடவை சரியாக இருந்தது, நவம்பர் மாதக் குளிரில், உள்ளே இருக்கும் எண்ணெய் இறுகிய ஒரு காலையில் தவறலாம். விபத்துக்குப் பிறகு நிபுணர்கள் சோதித்தபோது அதே துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்த வழக்குகள் பல. சுட்டவர்தான் விசையை அழுத்தியிருப்பார் என்ற வாதத்துக்கு இவ்வளவு காலம் உயிர் கொடுத்தது இதுதான்.

விற்பவர் அனுமதித்தால் அடியில் உள்ள ஆக்‌ஷன் திருகுகளைக் கழற்றி, கட்டையிலிருந்து துப்பாக்கியைத் தூக்கிப் பாருங்கள். வாக்கர் பெட்டியில் மூன்று சரிசெய்யும் திருகுகள் இருக்கும். முன்பக்கம் கீழே இருப்பது அழுத்த எடையை, மேலே இருப்பது விடுபட்ட பிறகு விசை நகரும் தூரத்தை, பின்பக்கத் திருகு சியரும் கனெக்டரும் படியும் அகலத்தைத் தீர்மானிக்கும். தொழிற்சாலையில் மூன்றையும் பசை வைத்து மூடியிருப்பார்கள். பசை உடைந்திருந்தால் யாரோ திருகியிருக்கிறார். பின்பக்கத் திருகின் பசை உடைந்திருந்தால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை. விசையை லேசாக்கும் ஆசையில் அந்த அரை மில்லிமீட்டரைக் கால் மில்லிமீட்டராகக் குறைத்தவர்கள் ஏராளம். பெட்டிக்குள் பழுப்பு நிற அரக்குப் போல் எண்ணெய் படிந்திருப்பதும், துருத் தூள் உதிர்வதும் அடுத்த எச்சரிக்கை. விசைப் பெட்டிக்குள் எண்ணெயோ டபிள்யூடி-40 என்ற தெளிப்பானோ அடிப்பது பலரின் வழக்கம். காய்ந்ததும் அது பிசினாகிறது. இந்த வடிவமைப்பில் கனெக்டரைப் பிடித்து நிறுத்த அந்தப் பிசினே போதும்.

விசை தவிர இந்த மாடலில் பார்க்க வேண்டியவை சில. போல்ட் கைப்பிடி போல்ட்டோடு வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டப்பட்டது. ஒட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். போல்ட்டில் பொறித்த எண் ரிசீவர் எண்ணின் கடைசி இலக்கங்களோடு பொருந்த வேண்டும்; பொருந்தாவிட்டால் ஹெட்ஸ்பேஸ் கேஜ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே தோட்டாவுக்கான இடத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் சுடக்கூடாது. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 1.630 அங்குல கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், 1.634 நோ-கோ கேஜில் மூடக்கூடாது. 1.638 ஃபீல்டு கேஜிலும் மூடினால் அது சுடத் தகுதியற்ற துப்பாக்கி.

இன்னும் மலிவான உறவினர்கள்

700-க்குப் பணம் போதாதவர் கையில் பெரும்பாலும் வந்து சேர்வது ரெமிங்டனின் 710-ஓ 770-ஓ. 2001-இல் வந்த 710, ஸ்கோப்போடு சேர்த்து மலிவு விலைக்கு விற்கப்பட்டது. அதன் குழல் ரிசீவருக்குள் திருகப்படவில்லை, அழுத்திச் செருகப்பட்டது. போல்ட் ஓடும் பாதை நைலான் உறை. குழல் தேய்ந்தால் மாற்றுவது கட்டுப்படியாகாது, பாதை தேய்ந்தால் போல்ட் தடுக்கும். இத்தனைக்கும் மேல், தொடக்கத்தில் வந்தவற்றில் இருப்பது வாக்கர் வகை விசைதான். 700-க்கு மாற்று விசை விற்கும் நிறுவனங்கள் பல. 710-க்குத் தேடினால் கிடைப்பது அரிது. எவ்வளவு இறக்கிக் கொடுத்தாலும் 710-ஐ வாங்க வேண்டாம்.

வாங்கத் தீர்மானித்தால்

700-இன் ஆக்‌ஷன் நல்லது, குழலும் பெரும்பாலும் நல்லது. விசையை மாற்றிவிட்டால் நம்பிக்கையான துப்பாக்கி. டிம்னி, ட்ரிகர்டெக் போன்றவர்களின் விசைகள் 150 முதல் 200 டாலருக்குள் கிடைக்கும். விலை பேசும்போதே இந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள்: 450 டாலர் சொல்லும் வாக்கர் விசைத் துப்பாக்கியின் உண்மை விலை 600-க்கு மேல். விற்பவர் விசை சரியாகத்தான் இருக்கிறது என்பார். அவருடைய அனுபவத்தில் அது உண்மையாகவே இருக்கும். அதற்காகக் கழிக்காமல் விடாதீர்கள்.

பழைய விசை இரண்டு குறுக்கு ஊசிகளில் தொங்குகிறது. ஊசிகளைத் தள்ளிப் பெட்டியை எடுத்து, போல்ட்டை நிறுத்தும் தகட்டையும் அதன் ஸ்பிரிங்கையும் புதிய பெட்டிக்கு மாற்ற வேண்டும். அந்தச் சிறு ஸ்பிரிங் பறந்து தொலைவது வழக்கம்; பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு வேலை செய்தால் தப்பும். சில மாற்று விசைகள் பழைய சேஃப்டி நெம்புகோலையே பயன்படுத்தும். அப்படியானால் அது இரு முனைகளிலும் திடமாகப் போய் உட்காருகிறதா என்று தனியே பாருங்கள். பழக்கமில்லாதவர் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி. அரை மணி நேர வேலை. யார் மாற்றினாலும், மேலே சொன்ன செயல் சோதனை முழுவதையும் புதிய விசையில் மறுபடி செய்ய வேண்டும். முதலில் கட்டையில்லாமல், பிறகு கட்டையை மாட்டித் திருகுகளை இறுக்கிய பின். சில மரக்கட்டைகளில் உட்பள்ளம் புதிய பெட்டிக்குக் குறுகலாக இருந்து, விசையின் பக்கத்தை உரசும். உரசினால் மரத்தைச் செதுக்குங்கள், விசையைத் தேய்க்காதீர்கள்.

பணம் சேரும்வரை பழைய விசையோடு வைத்திருக்க நேர்ந்தால், லைட்டர் திரவம் போல் படிவு விடாத கரைப்பானால் பெட்டியைக் கழுவி, காற்றடித்து உலர வைக்கலாம், எண்ணெய் வேண்டாம். இது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. அதுவரை அந்தத் துப்பாக்கியின் சேம்பரில் தோட்டா ஏறக்கூடாது.

கழற்றிய வாக்கர் விசையை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும். அதன் மென்மையை இன்றும் விரும்பித் தேடுகிறவர்கள் உண்டு. விற்காதீர்கள், பெட்டியை இடுக்கியில் வைத்து நசுக்கிப் போடுங்கள். துப்பாக்கியை என்றாவது கைமாற்றினால், எந்த விசை, எப்போது மாற்றியது என்று எழுதி, ரசீதின் நகலோடு கட்டைக்கு அடியில் ஒட்டிக் கொடுங்கள்.